உலகெங்கும் இரண்டு அறுவடை பொய்த்தால் என்ன உண்போம்? பேரிடர் ஆணையத்துக்கும் உணவுக் கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும், மத்திய உணவு மற்றும் பொது விநியோகத் துறைக்கும், இந்திய உணவுக் கழகத்துக்கும்,

வணக்கம்.

மனித இனம் அடுத்த பெரும் நெருக்கடியைத் தாண்டுமா என்ற கேள்விக்கு ஒரு பாதி பதில் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் மண்ணுக்குள் கிடக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே தடித்த படிவாக இருக்கிறது. தொல்லியல் ஆய்வாளர்கள் ரவி கொரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் அங்கே தோண்டி, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாம்பலுக்குக் கீழே கிடைத்த கல்கருவிகளைப் போன்றவையே சாம்பலுக்கு மேலேயும் கிடைத்தன. அந்த இடத்து மனிதர்கள் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் சிறு சிறு கூட்டங்களாக அலைந்து, வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் உண்டவர்கள். ஓரிடத்தில் இரை குறைந்தால் இன்னோரிடம் போனார்கள். இன்றைய 140 கோடிப் பேருக்குப் போக இடமில்லை. ஆகவே இனம் பிழைக்குமா என்பதை விட்டுவிட்டு, உங்கள் அலுவலகங்களின் கைக்குள் இருக்கும் கேள்வியைக் கேட்கிறோம். சூரிய ஒளி மங்கி, உலகம் முழுதும் ஒரே நேரத்தில் இரண்டு அறுவடை பொய்த்தால் இங்கே யார் யாருக்கு எத்தனை கிராம் கிடைக்கும்? அதற்கு எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும்.

இது கற்பனை ஆபத்து அன்று. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடை வரவே இல்லை; ஜூன் மாதம் பனி பெய்தது. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவு எட்டு மாதம் கக்கியதில் அந்தத் தீவின் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டார்கள். தம்போரா அளவுள்ள வெடிப்பு இந்த நூற்றாண்டுக்குள் நிகழ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று துருவப் பனி அடுக்குகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அணுப்போரில் நகரங்கள் எரிந்து கரி மேலே போனால் நிலைமை இன்னும் மோசம். வெயிலை மறைக்கும் எரிமலைக் கந்தகத் துகள் இரண்டு மூன்று ஆண்டில் படிந்துவிடும். கரி வெயிலில் சூடாகி மேலும் மேலும் ஏறும், பத்தாண்டு வரை தங்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதினாலே உலகில் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் சாகக்கூடும் என்று 2022இல் வெளியான பயிர் மாதிரி ஆய்வு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் குண்டு விழாத நாடுகளில் இருப்பவர்கள்.

நமக்குக் குளிரைவிட மழை பெரிய கவலை. ஒளி மங்கும்போது கடலைவிட நிலம் விரைவாகக் குளிரும். நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடுதான் பருவக்காற்றை இழுத்து வருகிறது. அது குறைந்தால் தென்மேற்குப் பருவமழை மெலியும். குடகில் மழை இல்லையென்றால் மேட்டூரில் நீர் இல்லை.

இனி கையிருப்புக் கணக்கு. ஜூலை 1 அன்று நடுவண் தொகுப்பில், அதாவது மத்திய அரசின் தானிய இருப்பில், இருக்கவேண்டிய அளவு 411.20 லட்சம் டன்: அரிசி 135.40, கோதுமை 275.80. ஏப்ரல் 1 அன்று இது 210.40 லட்சம் டன். தலைக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்தால் (ஏறத்தாழ 1,750 கலோரி, உழைக்கும் உடம்புக்குப் போதாது) நாட்டுக்கு ஒரு நாள் தேவை 7 லட்சம் டன். ஜூலை அளவு 58 நாளுக்கு வரும், ஏப்ரல் அளவு 30 நாளுக்கு. இவற்றுக்குள் அடங்கிய அவசர இருப்பு 50 லட்சம் டன், ஒரு வாரச் சாப்பாடு. உண்மையான கையிருப்பு பல ஆண்டுகளாக இந்த அளவுகளுக்கு மேலேயே இருந்துவருகிறது என்பது தெரியும். விவசாயி வீட்டுக் குதிரிலும் வியாபாரியின் கிடங்கிலும் இருப்பதும் தனி. ஆனால் திட்டம் என்பது உறுதியாகக் கிடைக்கும் அளவின்மேல் எழுதப்படவேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்குத் தரும் மாதம் 5 கிலோ, நாளுக்கு 167 கிராம்தான். மற்றதைச் சந்தையில் வாங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் வைத்த துணை அளவு அது. 1877இல் சென்னை மாகாணப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த படி நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம். அந்தப் படியில் கூலிவேலை செய்தவர்கள் மெலிந்து விழுந்து செத்தார்கள். சந்தை காலியாகும் நாளில் 167 கிராம் என்ன செய்யும் என்பதைத் துறை எழுதிப் பார்க்கவேண்டும்.

அரிசியும் கோதுமையும் சேர்த்து ஆண்டு விளைச்சல் 25 கோடி டன்னுக்கு மேல். பாதி போனால் 12 கோடி டன்னுக்கு மேல் துண்டு விழும். அவ்வளவையும் கிடங்கில் வைக்கச் சொல்லவில்லை; முடியாது, வைத்தால் பாதி வண்டுக்குப் போகும். இருப்பதைக் கெடாமல் வைப்பது, விதையைத் தனியே காப்பது, மனிதர் உண்ணத்தக்க தானியம் வேறு வழியில் போவதை உரிய நாளில் நிறுத்துவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் துண்டு அடைபடும்.

கெடாமல் வைப்பதில் முதல் எதிரி ஈரம். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம்வரை எடுக்கிறோம். மழை ஆண்டுகளில் அதற்கு மேலும் தளர்வு தருகிறோம். விவசாயிக்கு அந்தத் தளர்வு நியாயம்தான், அவர் சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த நெல்லைத் தார்ப்பாய் மூடி அட்டி போட்டால் சில வாரங்களில் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பாகும். ஓர் ஆண்டுக்கு மேல் வைக்கவேண்டிய நெல் 12 சதவீதத்துக்கு இறங்கவேண்டும். ஒரு டன் நெல்லை 17இலிருந்து 12க்குக் கொண்டுவர 57 கிலோ நீரை வெளியேற்றவேண்டும். உமி அடுப்பில் ஓடும் உலர்த்தியில் அதற்கு ஏறத்தாழ 40 கிலோ உமி செலவாகும். ஒரு டன் நெல்லை அரைத்தால் 200 கிலோ உமி வருகிறது. ஆக, ஒரு டன் அரைக்கும் ஆலை ஐந்து டன் காயவைக்க எரிபொருள் தருகிறது. டீசல் வராத ஆண்டிலும் ஓடக்கூடிய உலர்த்தி இதுவே. ஒரே மூச்சில் சூடேற்றினால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும். நடுவில் சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி காயவைக்கவேண்டும். விதைக்கான நெல் என்றால் காற்று 43 டிகிரியைத் தாண்டக்கூடாது.

நெடுங்கால இருப்பை அரிசியாக வைக்காமல் நெல்லாக வையுங்கள். உமி பூச்சிக்கும் ஈரத்துக்கும் தடுப்பு. இடம் கூடுதலாகப் பிடிக்கும், நூறு கிலோவுக்கு 67 கிலோ அரிசிதான் தேறும் என்பது உண்மை. ஆனாலும் அரைத்த அரிசி கெடும் வேகத்தில் நெல் கெடாது. அரைக்கும் நாள் வரும்போது புழுங்க வைத்து அரையுங்கள். வேகவைக்கும்போது தயமின் என்னும் பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியே உணவானால், கால் மரத்துப் பலமிழக்கும் பெரிபெரி நோய் வரும் என்பதைக் குன்னூரில் ஆய்வாளர்கள் மெக்காரிசன், நாரிஸ் இருவரும் 1924இலேயே எழுதிவிட்டார்கள். காய்கறி, பருப்பு அரிதாகும் காலத்தில் இந்த ஒரு வேறுபாடு லட்சக்கணக்கானோரின் கால்களைக் காக்கும்.

அடுத்து வண்டு. நச்சுவாயு விடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடும் முறையில் கோளாறு பெரும்பாலும் மூடாக்கில்தான். ஏழு நாள் வாயு அடங்கி நிற்கவேண்டிய இடத்தில், ஓரங்களில் மணல்மூட்டை சரியாக அமராமல் கசிந்து, மூன்றாம் நாளே அளவு இறங்கிவிடும். சாகாமல் தப்பிய தானியத் துளைப்பானும் சிவப்பு மாவு வண்டும் பெருகி, அடுத்த தலைமுறை மருந்துக்கு அசையாது. இந்த எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே நம் கிடங்குகளில் இருக்கிறது. மருந்து இறக்குமதி நிற்கக்கூடிய ஆண்டுக்கான இருப்பைக் காற்றுப்புகா உறைகளில் வைப்பதே மேல். உள்ளே தானியமும் பூச்சியும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் 3 சதவீதத்துக்குக் கீழே போனால் பூச்சி செத்துவிடும். மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஆனால் ஈர நெல்லை இதில் அடைத்தால் புளித்துவிடும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால் உறையின் உச்சியில் நீர் கோத்து மேல் வரிசை மூட்டை நனையும், ஆகவே மேலே வைக்கோல் அல்லது நிழல்வலை கட்டாயம். எலி ஒரு துளை போட்டாலும் எல்லாம் வீண்; வாரம் ஒருமுறை ஆக்சிஜன் அளவு பார்த்தால்தான் துளை தெரியும்.

விதைக்கு வருவோம். நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகமும் நமது தேசிய மரபணு வங்கியும் பெருமைக்குரியவை. சிரியப் போரில் அலெப்போ விதை வங்கியைப் பயன்படுத்த முடியாமல் போனபோது 2015இல் ஸ்வால்பார்டிலிருந்துதான் விதையைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் இவை இரகத்தைக் காக்கும் இடங்கள். வயலுக்கு விதை தரும் இடங்கள் ஆகமாட்டா. ஓர் இரகத்தின் மாதிரி 500 மணி என்றால் நெல்லில் அது சுமார் 12 கிராம். ஒற்றை நாற்று நட்டு, ஒவ்வொரு போகமும் 200 மடங்கு பெருக்கினால் முதல் போகத்தில் 2.4 கிலோ, இரண்டாவதில் 480 கிலோ, மூன்றாவதில் 96 டன், நான்காவதில் 19,200 டன். தமிழ்நாட்டின் 20 லட்சம் எக்டேருக்கு, எக்டேருக்கு 30 கிலோ வீதம் 60,000 டன் வேண்டும். ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் நிலையில் நான்கு ஆண்டு கழிந்தும் மூன்றில் ஒரு பங்கே தேறும். அதுவும் ஒரு போகம்கூடப் பொய்க்காவிட்டால்.

ஆகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு முழுப் போகத்துக்கான விதையை உணவு இருப்பிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வையுங்கள். பசி வந்த ஊரில் விதைநெல்லை உண்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. விதை தப்பவேண்டுமானால் உணவு முதலில் போய்ச் சேரவேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். விதையின் ஆயுளுக்கு ஹாரிங்டன் விதி தெரிந்ததே: ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். 14இலிருந்து 10 சதவீதத்துக்கு உலர்த்தினால் 16 மடங்கு. அறையை 30இலிருந்து 15 டிகிரிக்குக் குளிரவைத்தால் 8 மடங்குதான், மின்சாரமும் தடைபடக்கூடாது. பணம் குறைவென்றால் குளிர்சாதனத்தை விட்டுவிட்டு உலர்த்தியை வாங்குங்கள்.

எந்தப் பயிரின் விதை? தண்ணீர் குறையும் சமவெளிகளுக்குச் சிறுதானியம். வரகு, சாமை, குதிரைவாலிக்கு எக்டேருக்கு 10 கிலோ போதும். நாற்று நடும் கேழ்வரகுக்கு 5 கிலோ. ஒரு லட்சம் எக்டேருக்கு ஆயிரம் டன் என்பது ஒரு நடுத்தரக் கிடங்கின் ஒரு மூலை. கேழ்வரகு பல ஆண்டு வைத்தாலும் கெடாது என்பதை உழவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு குளிருக்கு ஏற்றது, ஆனால் எக்டேருக்கு 2 டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வேண்டும், அதை ஆண்டு கடந்து வைக்கவும் முடியாது.

நெல்லில் குளிர் எங்கே அடிக்கும் என்பதும் தெரியும். கதிர் வெளிவருமுன் உள்ள தொண்டைக்கதிர் பருவத்தில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே பல நாள் நின்றால் மகரந்தம் மலடாகி, கதிர் பதராகும். பயிர் பச்சையாக நிற்கும், அறுக்கும்போதுதான் தெரியும். 1993இல் ஜப்பானில் இப்படித்தான் விளைச்சல் வழக்கமான அளவில் 74 சதவீதத்துக்கு இறங்கி, அந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்கியது. அங்குள்ள உழவர்கள் அந்தப் பருவத்தில் வயலில் 20 சென்டிமீட்டர் நீர் நிறுத்தி இளங்கதிரை மூழ்கவைப்பார்கள்; நீர் பகல் சூட்டை இரவுக்கு வைத்திருக்கும். டெல்டாவில் அவ்வளவு நீருக்கு வரப்பு உயரம் போதாது. ஒளி மங்கும் ஆண்டில் சம்பாவின் கதிர்ப்பருவம் மார்கழிக் குளிரில் மாட்டாதபடி விதைப்பை முன்தள்ளும் நாட்காட்டியை வேளாண் பல்கலைக்கழகத்திடம் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

நாட்டின் மக்காச்சோளம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கு மேல். பாதிக்கு மேல் கோழி, மாட்டுத் தீவனத்துக்கும், வளரும் பங்கு எத்தனாலுக்கும் போகிறது. அண்மை ஆண்டுகளில் உணவுக் கழகத்தின் அரிசியே லட்சக்கணக்கான டன் எத்தனால் ஆலைக்குப் போகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கிடங்கு வாடகை இல்லாத இருப்பாகவே பார்க்கிறோம். ஆனால் அந்த இருப்பு உரிய நாளில் உத்தரவு வந்தால்தான் கைக்கு வரும். முதலில் எத்தனால், அடுத்த வாரமே கறிக்கோழிக் குஞ்சு பொரிப்பை நிறுத்துவது. ஆறு வாரத்தில் இருக்கும் கோழி தானாகவே சந்தைக்குப் போய்விடும். நாமக்கல் முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதை ஒரே நாளில் கொன்று குவிக்காமல், தாய்க்கோழிக் கூட்டத்தை விட்டுவிட்டு வயதான கூட்டத்திலிருந்து கழிக்கவேண்டும். வைக்கோல் தின்னும் மாட்டைக் கடைசிவரை வையுங்கள்.

இந்த உத்தரவுகளுக்கு நேரம் உண்டு. தம்போரா வெடித்ததற்கும் அறுவடை பொய்த்ததற்கும் இடையே ஓராண்டு இருந்தது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை கக்கிய 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடைச் செயற்கைக்கோள் சில நாட்களில் அளந்துவிட்டது. அந்த அளவு 3 கோடி டன்னைத் தாண்டினால் மேற்சொன்ன வரிசை தானாகத் தொடங்கும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். அன்றைக்குக் குழு கூட்டி விவாதித்தால் நாம் தோற்போம். 2008இல் உலக அரிசி விளைச்சல் குறையவே இல்லை. ஏற்றுமதித் தடைகளும் பதற்றமுமே தாய்லாந்து அரிசியை டன் 1,000 டாலருக்குத் தூக்கின. நாமும் 2022இல் கோதுமைக்கும் 2023இல் வெள்ளை அரிசிக்கும் தடை போட்டோம். இலங்கையும் வங்கதேசமும் நேபாளமும் அன்றைக்கு எவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யுங்கள். நம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கதவு மூடாமலிருக்க நம் கதவும் கொஞ்சம் திறந்திருக்கவேண்டும்.

முதல் வேலையாக ஒன்று கேட்கிறோம். வரும் குறுவைக் கொள்முதலில் 10,000 டன் நெல்லைப் பிரித்து, உமி உலர்த்தியில் 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பாதியைக் காற்றுப்புகா உறையிலும் பாதியை வழக்கமான கிடங்கிலும் மூன்று ஆண்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரப்பதம், வண்டு எண்ணிக்கை, நொய் விகிதம், முளைப்புத் திறன், டன்னுக்கான செலவு ஆகியவற்றை அளந்து, மாநிலங்கள் எல்லாம் பார்க்கும்படி வெளியிடுங்கள். அளக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தானியச் சேமிப்பு, விதை உற்பத்தி, பொது விநியோகம் ஆகிய பணிகளில் இருக்கும் சிலர்