நாலரை மணிக்கு எழுந்திருக்காதே

ஸ்ரீரங்கம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் குட்மார்னிங் பூ அனுப்புகிறவர்கள் நடுவில் பேனா பிடித்து நாலு பக்கம் எழுதுகிறவள் நீ ஒருத்திதான். அதனால் பதிலையும் பேனாவிலேயே எழுதுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் போன் பண்ணு.

முதலில் வீட்டுச் செய்தி. மாமியாருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. நேரம் தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும், தவறினால் நமக்குத்தான் திட்டு. பெரியவன் பெங்களூரில்தான் இருக்கிறான். கம்பெனி மாறிய பிறகு போனில் கொஞ்சம் சிரித்துப் பேசுகிறான். நம் ஹாஸ்டல் ரூமில் ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை போடுவாளே திண்டுக்கல்காரி, அவள் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மண்டபம் திருச்சியில். உனக்கும் பத்திரிகை வரும்.

இனி உன் விஷயம். பிரஷர் ஏறியிருக்கிறது, டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று அனுப்பிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். மாத்திரைக்குச் சீட்டு இருக்கிறது, டென்ஷன் ஆகாமல் இருப்பதற்கு எந்தக் கடையில் சீட்டை நீட்டுவதாம்? அதற்காக நீ யூடியூபைப் பார்த்து, நாலரைக்கு எழுவது, வெந்நீர், தியானம், யோகா, அரை மணி நடை, டைரி என்று அட்டவணை போட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாய். அதைக் கிழித்துப் போடுடி.

கோபித்துக்கொள்ளாமல் கணக்கைப் பார். நம் வயதிலும் ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குக் கண் மூடியிருக்க வேண்டும். உன் வீட்டில் ஒன்பதரைக்குத்தான் உன் வீட்டுக்காரர் சாப்பிடவே உட்காருகிறார். அதற்குப் பிறகு பாத்திரம் தேய்த்து, அடுப்பு மேடை துடைத்து நீ தலை சாய்க்கும்போது மணி பதினொன்று. மிச்சம் ஐந்தரை மணி நேரம். தூக்கம் குறைந்தால் பிரஷர் ஏறும் என்று அதே டாக்டரைக் கேட்டாலே சொல்வார். அப்படி எழுந்து தியானத்துக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்குவாய், அவ்வளவுதான்.

அந்த வீடியோக்களைக் கவனித்துப் பார். பேசுகிற ஆள் எழுகிறார், ஜன்னலைத் திறக்கிறார், புத்தகம் படிக்கிறார், வேர்க்க வேர்க்க ஓடுகிறார். ஒருத்தராவது டிபன் பாக்ஸ் கட்டுகிறாரா? குழாயில் தண்ணீர் வரும் நேரம் தவறிவிடுமே என்று ஓடிப்போய் மோட்டார் போடுகிறாரா? அவர் ஓடி முடித்து வரும்போது மேஜையில் இட்லி இருக்கிறது. அதை வைத்தது யார் என்று காட்டுவதில்லை.

காலை நேரத்தில் நம்மைப் படுத்துவது வேலையின் அளவு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான். இன்றைக்கு என்ன சமையல், எந்தப் புடவை, பெண்ணின் ரெக்கார்டு நோட்டு எங்கே, கேஸ் தீர்ந்துவிடுமோ. அட்டவணை போட்டால் இதில் ஒன்றுகூடக் குறையாது. மேலே இன்னும் ஆறு சேரும்.

ஆகவே நான் பிடித்துக்கொண்டது ராத்திரியை. இங்கே ரங்கநாதருக்கு விடியற்காலை விஸ்வரூப தரிசனம், பசுவும் யானையும் சன்னதிக்கு வந்து நிற்கும். பார்க்க ஜேஜே என்று இருக்கும். ஆனால் முந்தின ராத்திரி அவரைத் தூங்கவைத்துவிட்டுத்தான் நடை சாத்துகிறார்கள். வைகுண்ட ஏகாதசி உற்சவ ராத்திரிகளில் அதற்கு வீணையும் உண்டு. பெருமாளுக்கே ராத்திரி ஒழுங்காக முடிந்தால்தான் காலை.

என் வீட்டில் வீணை இல்லை, அரிவாள்மணை இருக்கிறது. சீரியல் பார்த்துக்கொண்டே மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டுவிடுவேன். வாழைக்காய், கத்திரிக்காய் தவிர, அவை கறுத்துப்போகும். சமையலுக்குக் கிழமைக் கணக்கு உண்டு. திங்கள் சாம்பார், செவ்வாய் வத்தக்குழம்பு, புதன் கீரை என்று ஒரு சுற்று, அதில் மாற்றம் கிடையாது. அலுக்காதா என்று கேட்பாய். காலையில் யோசிக்கிற அலுப்பைவிட இது தேவலை. குக்கரில் அரிசி அளந்து வைத்தாயிற்று, புடவை கட்டிலில் எடுத்து வைத்தாயிற்று, ஃபில்டரில் பொடி போட்டு அமுக்கி வைத்தாயிற்று. ராத்திரியே டிகாஷன் இறக்கிவைக்கிற புண்ணியவதிகளும் இருக்கிறார்கள். என்னால் முடியாது, மணம் போய்விடும். கொதிநீரை மட்டும் காலையில்தான் ஊற்றுவேன்.

காபி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆபீஸ் விட்டு வந்ததும் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கிறாயே, அதில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று போனை நோண்டுவது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதை நாலு மணிக்கு நகர்த்திப் பார்.

அடுத்தது, வீட்டுக்காரர். இவர் ரிட்டையர் ஆன புதிதில், "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பார். சொன்னால் செய்வார். ஆனால் நினைவு வைத்துச் சொல்வது யார் வேலை? பார்த்தேன். ஒரு நாள் மோட்டாரைப் போடாமல் பேசாமல் இருந்துவிட்டேன். எட்டு மணிக்குத் தலையில் சோப்போடு உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து மோட்டார் அவருடையது. பால் பாக்கெட்டும், அம்மாவின் கண் மருந்தும் மெல்ல மெல்ல அவர் பக்கம் போயின. நான் விசாரிப்பதுகூட இல்லை. அதுதான் முக்கியம் செல்வி. கொடுத்துவிட்டு மேற்பார்வை பார்த்தால் அந்த வேலை நம் தலையைவிட்டு இறங்குவதில்லை. உன் பெண் பிளஸ் டூ படிக்கிறாள் என்றால் தண்ணி பாட்டில் நிரப்பத் தெரியாதா?

இவ்வளவும் போக எனக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அதில் தியானமெல்லாம் இல்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறேன். கிழக்கே வெளிச்சம் முகத்தில் படும். வீட்டு டியூப்லைட்டைவிட வெளியே, மேகம் போட்டிருந்தாலும், வெளிச்சம் பல மடங்கு. உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைச் சரிசெய்வது அந்த வெளிச்சம்தான். காலையில் அது பட்டால் ராத்திரி நேரத்தில் தூக்கம் வரும். போன் கீழே சார்ஜில் கிடக்கும். குடும்ப குரூப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது ஒன்பது மணிக்குத் தெரிந்தாலும் போதும். துணி உலர்த்த யாராவது உதவிக்கு வந்தால் மட்டும் விரட்டிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முதல் பீரியடில் ஒரு குழந்தை அழும், ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று காரணமில்லாமல் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். கேட்டால் சாப்பிடவில்லை, அம்மா வேலைக்குப் போய்விட்டாள் என்பார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை எல்லோருக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. இப்போது முதல் பீரியடில் என் குரல் எனக்கே கேட்கிறது. அந்த அம்மாக்கள் யாரும் நாலரைக்கு எழ ஆரம்பிக்கவில்லை. அவர்கள் தலையிலிருந்து ஒரு வேலை இறங்கியது, அவ்வளவுதான். கிடைத்ததற்கெல்லாம் நன்றி என்று டைரி எழுதச் சொல்லி நூறு கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

பிரஷர் மெஷின் வாங்கியிருக்கிறாய் அல்லவா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்து பார்க்காதே. காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், பாத்ரூம் போய்வந்து, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பார். எண்ணைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டு. அந்த ஐந்து நிமிடம் யார் கூப்பிட்டாலும் "பிரஷர் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். உன் வீட்டில் வேறு எந்தக் காரணமும் எடுபடாது.

கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரசில் வராதே, விடிவதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். முதல் நாள் மதியம் பல்லவனில் ஏறு. ராத்திரி ஸ்டேஷனுக்கு இவரை அனுப்புகிறேன். மறுநாள் ஏழு மணிக்கு முன்னால் உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள். காபி மட்டும் நீதான் போட வேண்டும், உன் கைக் காபி குடித்து வருஷமாகிறது.

உன்,
மீனா