பேசாமலும் போன் எடுக்கலாம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். கொழும்பு வெள்ளவத்தையில் வெக்கை வழக்கம்போலத்தான். மருந்தெல்லாம் ஒழுங்காக எடுக்கிறோம், யோசிக்காதே.

ஒழுங்கையில் திரியும் சாம்பல் பூனை ஒன்று இப்போது விடியப்புறத்தில் எங்கள் மதிலில் வந்து குந்துகிறது. பூனைகளுக்கு விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். காலி வீதியில் பஸ் ஹோர்ன், கடற்கரைப் பக்கம் ரயில், பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவின் பாட்டு எல்லாம் தொடங்கினாலும் அது அசையாது. ஆனால் காதைப் பார்க்க வேண்டும்! ஒன்று ரயில் பக்கம், மற்றது மீன்காரர் பக்கம். ஒவ்வொரு காதுக்கும் ஏறக்குறைய 30 தசைகளாம். தலையைத் திருப்பாமலே காதை 180 பாகை திருப்புமாம். சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் அது முழுக் கவனத்தோடு இருக்கிறது. இப்படி இருக்கத்தான் நானும் பழகுகிறேன். பத்திரிகையையும் போனையும் உள்ளே வைத்துவிட்டு, கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பூனைகள் கண் சிமிட்டுவதைப் பற்றி ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். மனிதர் கண்ணைச் சுருக்கி மெல்ல மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்கிறதாம். அறிமுகமில்லாதவர் செய்தாலும் கிட்ட வர விரும்புகிறதாம். நானும் செய்து பார்ப்பேன். சில நாள் பதில் வரும், சில நாள் வராது. அது அதன் விருப்பம்.

அம்மாவுக்கு முழங்கால் நோ கூடும் இரவுகளில் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறேன். எண்ணெய் பூச வேண்டுமென்றால் அவவே கேட்பா. கேட்காவிட்டாலும் நான் இருப்பது அவவுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ வேலை முடிந்து அலுத்துப்போய் வந்து எங்களுக்காகக் கதை தேடித் தேடிப் பேசுவது குரலிலேயே தெரிகிறது. தேட வேண்டாம், பிள்ளை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ சமை, சாப்பிடு, பேசாமல் இரு. சட்டி கழுவும் சத்தம் கேட்டாலே எங்களுக்குக் காணும். டொரன்டோவில் இரவு 8 மணி என்றால் இங்கே அதிகாலை 5.30, நான் எழும்பியிருப்பேன். குளிர்காலத்தில் 6.30 ஆகும், அதுவும் சரிதான்.

அப்புறம், அம்மா கறித்தூள் இடித்து வைத்திருக்கிறா. அங்கே வரும் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லு, கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
அப்பா