படிவம் நிரப்பும் நாளுக்கு முன்னரே முடிந்துவிடும் தெரிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை என்ற கேள்வியை உயர்தரப் பெறுபேறு வந்த பிறகுதான் வீடுகளில் பேசுகிறோம். உண்மையில், சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குக் கணிதம், உயிரியல், கலை என்று பிரிவு எடுக்கும்போதே பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன. அந்த நேரத்தில் பதினாறு வயதுப் பிள்ளையைத் தள்ளுவது எது? கூட்டாளிகள் சேர்ந்த ரியூசன் வகுப்பு, பெரியம்மா மகன் எடுத்த பிரிவு, ஊருக்குள் "டொக்டர்" என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பெண்பிள்ளைக்கு இணைந்த கணிதம் விருப்பம் என்றாலும், பக்கத்துப் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லையென்றால், வாவி கடந்து போய் மாலையில் திரும்புவதை நினைத்து வீட்டார் கலைப்பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு அதையே "அவளுக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லிச் சொல்லி, அவளும் நம்பிவிடுகிறாள். இது பெரிய அநியாயம்.

மருத்துவத்துக்காக மூன்று தடவையும் உயிரியல் எழுதும் பிள்ளைகளுக்கு, செலவழித்த வருடங்களே விலங்காகின்றன. விவசாயம் கிடைத்தால் தோல்வி என்று அழுகிறார்கள். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி (இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம்) தொடங்கியபோது விவசாயமும் விஞ்ஞானமுமே அதன் முதற்பீடங்கள். வயலும் மாடும் வாவியும் உள்ள நமக்கு அது எப்படித் தாழ்ந்த படிப்பாகும்?

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பப் படிவத்தில் நடக்கும் பிழை வேறு. பயத்தில், வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைத்த மிகக் குறைந்த புள்ளி) குறைந்த பாடநெறியை முதலாவதாகப் போடுகிறார்கள். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் பட்டியலில் மேலே உள்ளதே தரப்படும். அதற்குக் கீழுள்ளவை பார்க்கப்படா. ஆகவே உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுத வேண்டும். பாதுகாப்பானவை கீழே இருந்தாற் போதும். கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை எழுதவே வேண்டாம். இடங்களில் 55 வீதம் மாவட்டவாரியாக ஒதுக்கப்படுவதால் பல பாடநெறிகளுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். கொழும்பில் உள்ள உறவினரின் கணக்கு அம்பாறைக்குப் பொருந்தாது. சில பாடநெறிகளுக்கு, அந்தத் துறைக்கான திறனைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கத் தவறினால் இசட் புள்ளி உதவாது.

பாடசாலைகள் இதைப் பிரிவைத் தெரிவுசெய்யும் முன்னரே செய்யலாம்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தமிழ்க் கைநூலையும் தம் மாவட்டத்தின் கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிகளையும் மேசையில் வைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக இருத்தி ஒரு மணி நேரம் பேசுங்கள். முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள்.

உயர்தர வழிகாட்டல் ஆசிரியர்கள்,
மட்டக்களப்பு.