கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஒன்று எங்களுக்கும் வேண்டும்

சென்னையிலும் வேலூரிலும் திருப்பதியிலும் இடுப்பு மூட்டு மாற்றும் எலும்பு மருத்துவர்களுக்கு வணக்கம். நீங்கள் வைக்கும் மூட்டின் விவரம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை நோயாளியின் சீட்டிலும் ஒட்டுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆந்திராவின் நகரிக்காரன். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். எலும்பில் வலி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருவது புத்தூர் கட்டுதான். அப்பாவையும் அங்கேதான் முதலில் கூட்டிப்போனோம். ஆனால் அவருக்கு முறிவு இல்லை. ரத்த ஓட்டம் நின்றுபோய், தொடை எலும்பின் பந்து உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டிருந்தது. 2008இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் மூட்டை மாற்றினார்கள். நன்றாகவே செய்தார்கள். பதினாலு வருஷம் அந்த இடுப்போடு தறிக்கூடத்தில் நின்றார்.

2022இல் கவட்டையில் வலி. இந்த முறை வேறு மருத்துவமனை. செயற்கை மூட்டில் ஒரு பந்து ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். எக்ஸ்ரேயில் அந்தப் பந்து கிண்ணத்தின் நடுவில் இல்லை, மேலே ஏறியிருந்தது. கிண்ணத்துக்குப் பின்னால் எலும்பு அரித்துக் கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “என்ன கம்பெனி? என்ன சைஸ்?”

எங்களிடம் இருந்தது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் ஒரே வரி, வலது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது என்று. பழைய மருத்துவமனையில் போய்க் கேட்டால், அவ்வளவு பழைய கேஸ் ஷீட் இல்லை என்றார்கள்.

வெளிக் கிண்ணம் உலோகம், அது எலும்போடு கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர்தான் தேய்ந்திருந்தது. அதே மாடல் லைனர் கிடைத்திருந்தால் அதையும் பந்தையும் மட்டும் மாற்றியிருக்கலாம். லைனரைக் கிண்ணத்தில் பூட்டும் விதம் மாடலுக்கு மாடல் வேறு. எது என்று தெரியாமல், கடைசியில் நன்றாக இருந்த கிண்ணத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். கூடவே அப்பாவின் எலும்பும் கொஞ்சம் போனது.

கழற்றிய லைனரை அப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். மஞ்சளாகி, ஒரு பக்கம் மட்டும் மெலிந்து குழி விழுந்திருந்தது. கட்டை விரலால் தடவிவிட்டு, “பிக்கர் தேஞ்ச மாதிரியே இருக்குதுடா” என்றார். தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கரைச் சொன்னார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டு செய்தபோது, முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லானைத்தான் எடுத்தார். வழுவழுப்புக்குக் குறைவில்லை, ஆனால் சில வருஷங்களிலேயே தேய்ந்து தூளானது. உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று நம்பிய அவருக்கு அது பெரிய அடி. அந்த நேரத்தில் லங்காஷையர் நெசவு இயந்திரங்களுக்கான பிளாஸ்டிக் பல்சக்கரத்தை விற்க வந்த ஒருவர், அதன் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லி அதை மதிக்கவில்லை. அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன்தான் தேய்மானச் சோதனையில் ஓடவிட்டார். தேயவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. 1962 முதல் அந்தப் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன்தான் இடுப்புக்குள் போகிறது. தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதைப் படிக்கையில் சின்னப் பெருமை வந்ததை மறைக்க மாட்டேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. தேய்ந்த பிக்கர் சத்தம் போட்டு, நூலை அறுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டு வாயே திறக்காது. அதிலிருந்து உதிரும் தூள் மைக்ரானுக்கும் சின்னது. உடம்பின் செல்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாது. அந்தக் கோபம் பக்கத்து எலும்பின் மேல் திரும்பி, எலும்பு கரைகிறது. வலி வருவதற்குள் பாதி போயிருக்கும். வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வா என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. நன்றாக நடக்கிற மனிதர் எதற்குச் சென்னைக்கு பஸ் ஏறப் போகிறார்?

பழைய பிளாஸ்டிக் வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். காமா கதிர் பாய்ச்சி மூலக்கூறுகளுக்குள் பிணைப்பு கூட்டி 1990களின் கடைசியில் வந்த புதிய பிளாஸ்டிக் அதைவிடப் பல மடங்கு குறைவாகத் தேய்கிறது. பீங்கான் பந்து கீறல் விழாமல் தாங்குகிறது. எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் எங்கள் இடுப்பில் இதில் எது இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. 2010இல் டிபை என்ற மூட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. கையில் சீட்டு இல்லாத ஒருவர், தன்னுடையது அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

மூட்டு வரும் பெட்டிக்குள் கம்பெனி, மாடல், சைஸ், லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்) போட்ட ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. அவற்றை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டிக்கொள்கிறீர்கள். சரி, ஒட்டுங்கள். ஒன்றை எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒட்டுங்கள். பக்கத்திலேயே தமிழிலோ தெலுங்கிலோ இரண்டு வரி எழுதுங்கள்: பந்து எதனால் ஆனது, கிண்ணம் எதனால் ஆனது, அடுத்த எக்ஸ்ரே எந்த வருஷம்.

இரண்டாவது அறுவை சிகிச்சையில் நாங்கள் கேட்டு வாங்கிவிட்டோம். அப்பா அதை லேமினேட் செய்து, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
நகரி விசைத்தறிக்காரர் ஒருவரின் மகன்