ஸ்பெயினைப் படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஏழு ஊர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கட்டடக்கலை, நுண்கலை, சமயங்களின் வரலாறு படிக்கும் மாணவர்களை ஸ்பெயினுக்கு அழைத்துப் போகும் கல்விப் பயணத் திட்டங்கள் சில எங்கள் பார்வைக்கு வந்தன. எட்டு நாள், ஏழு ஊர். கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலுக்கு ஒன்றரை மணி நேரம். டொலேடோவுக்கு மதியச் சாப்பாட்டையும் சேர்த்து நாலு மணி நேரம். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்கு இது போதவே போதாது. பார்சலோனாவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, பதினான்கு இரவுகளை ஐந்தே ஊர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்: கோர்தோபா மூன்று, செவீயா மூன்று, கிரானடா மூன்று, டொலேடோ இரண்டு, கடைசியில் மாட்ரிட் மூன்று.

ஸ்பெயினில் கலை, கட்டடம், மதம் மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்க முடியாது. 711-இல் முஸ்லிம் படைகள் கடல் தாண்டி வந்தன. 1492-இல் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா வீழ்ந்தது. இடைப்பட்ட எட்டு நூற்றாண்டில் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று, யூதர் தொழுகைக்கூடம் தேவாலயமாயிற்று, கிறிஸ்தவ அரசன் அரபு எழுத்தில் தன் மாளிகைச் சுவரை அலங்கரித்தான். ஒவ்வொரு மாற்றமும் சுவரில் தையல் போட்ட மாதிரி தெரிகிறது. அந்தத் தையலைக் கண்டுபிடிப்பதுதான் படிப்பு. அதற்கு ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறை போக வேண்டும்: முதல் நாள் சும்மா சுற்றிப் பார்க்க, மறுநாள் தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

கோர்தோபாவில் தொடங்குங்கள். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். 785 வாக்கில் அங்கே ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய பள்ளிவாசலின் முதல் பகுதியில் நிற்பவை பெரும்பாலும் ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்த தூண்கள். நிறம் வேறு, போதிகை வேறு, உயரமும் ஒன்றுபோல இல்லை. அவ்வளவு அகன்ற கூடத்துக்கு அவை குட்டை. கூரையைத் தாழ்த்தினால் உள்ளே இருட்டும் புழுக்கமும்தான் மிஞ்சும். அதனால் தூணின் தலையில் ஒரு கல் கால் நிறுத்தி, இரண்டு அடுக்கு வளைவு போட்டார்கள். கீழே இருக்கும் லாட வளைவு எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை. தூண்கள் சாய்ந்துவிடாமல் ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. கூரையைச் சுமப்பது மேல் வளைவு. மாணவர்கள் இந்த ஒரு வளைவை அளவோடு வரைந்துவிட்டால் கட்டடம் முழுவதும் பிடிபட்டுவிடும்.

வளைவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதை எல்லோரும் படம் எடுப்பார்கள். பழைய பகுதியில் சிவப்பு என்பது செங்கல், வெளிறியது கல். அங்கிருந்து கிழக்கே நடந்து, 987 வாக்கில் கலீபாவின் பெயரில் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்மன்சூர் சேர்த்த எட்டு வரிசைகளுக்குள் போங்கள். அதே பட்டைகள், அதே நிறங்கள். சிறிய தொலைநோக்கியால் வளைவை உற்றுப் பார்த்தால் செங்கலையே காணோம். எல்லாம் கல், சிவப்பு மேலே பூசிய வண்ணம். இருநூறு ஆண்டுக்கு முன் கட்டுமான முறையாக இருந்தது இங்கே வெறும் தோற்றமாகிவிட்டது. இந்த வேறுபாடு ஒன்றரை மணி நேரத்தில் யார் கண்ணிலும் படாது.

இன்னொரு சோதனையும் உண்டு. தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் கூடத்தின் நடுவில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. தெற்கே ஆறு, கலீபா இரண்டாம் அல்ஹகம் 960-களில் அந்தப் பக்கம் நீட்டியதோடு இடம் முடிந்துவிட்டது. அல்மன்சூருக்குக் கிழக்குப் பக்கம் மட்டுமே மிஞ்சியது. பதினோரு வரிசை பத்தொன்பதானது, நடு தவறிப்போனது. மாணவர்கள் வரிசைகளை எண்ணித் தாங்களே இதைக் கண்டுபிடிக்கட்டும். வழிகாட்டி முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.

1236-இல் நகரம் காஸ்தில் நாட்டுக் கிறிஸ்தவ அரசன் மூன்றாம் பெர்னாந்தோவின் கைக்கு வந்ததும் பள்ளிவாசல் தேவாலயமாக அர்ச்சிக்கப்பட்டது. 1523-இல் தூண்களை அகற்றி நட்டநடுவில் பெரிய பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். நகர மன்றம் கடுமையாக எதிர்த்தது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆயரின் பக்கம் நின்றார். இன்றும் அது திருப்பலி நடக்கும் பேராலயம். முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை, முயன்றால் காவலர்கள் தடுப்பார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திடீரென்று தெரிந்துகொள்வது மனத்தைப் புண்படுத்தும். பள்ளிவாசலுக்கு முன் அதே இடத்தில் ஒரு விசிகோத்தியத் தேவாலயம் இருந்ததா என்பதில் அகழாய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எனவே உள்ளே கிடைக்கும் கையேட்டை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதக் கூடாது.

செவீயா இங்கிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணம். ஹிரால்தா கோபுரம் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த மினாரா. ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லாமல் 35 சாய்தளங்கள். செங்கல் பின்னல் வேலை முடிந்து, ஆலய மணிகள் தொங்கும் மணிக்கூடு தொடங்கும் கோட்டைக் கீழே தெருவில் நின்றே பார்க்கலாம். மணிக்கூடு 1568-இல் முடிந்தது. ஆனால் செவீயாவில் எங்களுக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அல்கசார் அரண்மனையில் அரசன் முதலாம் பேத்ரோ கட்டிய மாளிகையின் முகப்பு. சுற்றிலும் கோதிக் எழுத்தில் காஸ்தில் மொழிக் (இன்றைய ஸ்பானிய மொழி) கல்வெட்டு, அரசனின் புகழ். நடுவில் நீல ஓட்டுச் சில்லுகளில் கூஃபி எனும் கோண வடிவ அரபு எழுத்து: அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் எவருமில்லை. கிரானடாவை ஆண்ட நஸ்ரி சுல்தான்களின் முழக்கம் அது. கிறிஸ்தவ அரசனின் வாசலில் எந்த மறைப்பும் இல்லாமல் நிற்கிறது. இந்தக் கலப்புப் பாணிக்கு முதேஹர் என்று பெயர். ஸ்பெயின் கலையில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாணவர் கற்க முடியும் என்றால் இந்தச் சொல்லைக் கற்கட்டும்.

அந்தக் கல்வெட்டில் ஆண்டு 1402 என்றிருக்கும். மாணவர்கள் அப்படியே குறித்துக்கொள்வார்கள், தவறாகிவிடும். அன்று காஸ்தில் நாட்டில் வழங்கியது ஸ்பானிய சகாப்தம். நம் கணக்குக்குக் கொண்டுவர 38 கழிக்க வேண்டும். அதாவது 1364. காஸ்தில் இந்தக் கணக்கை 1383-இல்தான் கைவிட்டது. அதற்கு முந்தைய கல்வெட்டில் "எரா" என்ற சொல்லைக் கண்டால் உடனே 38-ஐக் கழியுங்கள்.

கிரானடாவில் பயணம் கெடுவது பெரும்பாலும் நுழைவுச் சீட்டால்தான். நஸ்ரி சுல்தான்களின் கோட்டையான அல்ஹம்ராவுக்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு அரைமணி நேர நுழைவு வேளை குறித்த சீட்டு, பெயரோடு. பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கடவுச்சீட்டு எண்ணைப் பிழையில்லாமல் கொடுங்கள். அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வேளை தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டுக் கூடம் இருக்கும் வாசலிலிருந்து அந்த அரண்மனைக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சீட்டு முன்பே கையில் இருந்தால் நீதி வாசல் வழியாக ஏறிப் போகலாம், அது பக்கம்.

உள்ளே சுவரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கை படும் உயரம் வரை ஓட்டுச் சில்லுகள், அதற்கு மேல் சுதைவேலை, உச்சியில் மர விதானம் அல்லது தேன்கூடு போலத் தொங்கும் சுதை. தேய்மானம் எங்கே அதிகமோ அங்கே உறுதியான பொருள். குழுவில் அரபு ஓதத் தெரிந்த மாணவர் இருந்தால் அவரை முன்னால் நிறுத்துங்கள். வளைந்த எழுத்தில் இருக்கும் "வ லா காலிப இல்லல்லாஹ்", செவீயாவில் பார்த்த அதே முழக்கம், நூற்றுக்கணக்கான முறை வருகிறது. நம் ஊர் மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கே சிறிது பழகினால் அது புலப்படும். கோண வடிவக் கூஃபி எழுத்து கடினம். அதில் அவரை வற்புறுத்தாதீர்கள். சிங்க முற்றத்து நீரூற்றின் தொட்டி விளிம்பில் செதுக்கியிருப்பது அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் கவிதை. பன்னிரண்டு சிங்கங்களையும் படம் எடுப்பவர்கள் இந்த விளிம்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பார்ப்பது எல்லாமே 14-ஆம் நூற்றாண்டு என்றும் நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த முற்றத்து மண்டபம் ஒன்றின் மேல் வண்ண ஓடு பதித்த குவிமாடத்தைக் கற்பனையாக ஏற்றி வைத்தார்கள். 1930-களில் அல்ஹம்ராவைப் பராமரித்த கட்டடக்கலைஞர் தோரெஸ் பல்பாஸ் அதை இறக்கினார். பழைய படங்களில் அந்தக் குவிமாடம் இன்னும் இருக்கிறது.

டொலேடோவுக்குப் பகலில் மட்டும் வந்து போகிறவர்கள் ஏராளம். காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை சந்துகளில் நடக்க இடம் இருக்காது. அதனால்தான் அங்கே இரவு தங்கச் சொல்கிறோம். ஊர் சிறியது, 999-இல் கட்டிய சின்னப் பள்ளிவாசலின் ஒன்பது விதானங்களும் ஒவ்வொரு வடிவம். முதலாம் பேத்ரோவின் யூதப் பொருளாளர் சாமுவேல் ஹலேவி எழுப்பிய யூதர் தொழுகைக்கூடத்தில் எபிரேய எழுத்துகளுக்கு அருகே அரசனின் சின்னங்கள். இன்னொரு தொழுகைக்கூடத்தின் பெயரே சாந்தா மரியா லா பிளாங்கா, வெள்ளை மாதா. யூதர் கட்டியது, லாட வளைவுகள் அரபுப் பாணி, பெயர் தேவாலயமானபின் வந்தது. மூன்றையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

தமிழ்க் கத்தோலிக்க வழக்கு தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. புனிதர்களின் ஸ்பானியப் பெயரைக் கேட்டு மாணவர் திகைப்பார்கள். சந்தியாகோ நம் சந்தியாகப்பர், ஹுவான் அருளப்பர், பேத்ரோ இராயப்பர், பாப்லோ சின்னப்பர், தோமிங்கோ சாமிநாதர். வட ஸ்பெயினில் நவார்ரா பகுதியின் ஹவியேர் கோட்டையில் 1506-இல் பிறந்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர் நம் சவேரியார். டொலேடோவில் எல் கிரேக்கோவின் புகழ்பெற்ற ஓவியம் இருக்கும் சாந்தோ தோமே ஆலயத்தின் பெயர், நம் சாந்தோமுக்கு உள்ள பெயர்தான், தோமையார்.

அந்த ஓவியம், ஓர்காஸ் பிரபுவின் அடக்கம், 1586-இல் ஒப்பந்தமானது. முதலில் ஓவியத்தைப் பார்க்காமல் கீழே கல்லறையைப் பாருங்கள். பிரபு 1323-இல் இறந்தவர். ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் இந்த ஆலயத்துக்கு இரண்டு கிடா, பதினாறு கோழி, இரண்டு தோல்பை திராட்சை ரசம், இரண்டு சுமை விறகு, 800 மரவேதிக் காசு தர வேண்டும் என்று எழுதிவைத்தார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஊரார் நிறுத்திவிட்டார்கள். பங்குக்குரு வழக்குப் போட்டு வென்றார். அதன்பின்தான் இந்த ஓவியத்துக்கு ஏற்பாடு செய்தார். அகுஸ்தினாரும் முடியப்பரும் வானிலிருந்து இறங்கிப் பிரபுவின் உடலைத் தாங்கிக் குழியில் இறக்குகிறார்கள். அவர்கள் குனியும் இடத்துக்கு நேர் கீழே உண்மையான கல்லறை. ஓவியம் எந்த இடத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இருப்பதன் பலன் இது. அச்சுப்படத்தில் இது கிடைக்காது.

இதைப் பார்த்த பிறகு மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்துக்குப் போனால், அங்கே தொங்கும் பலிபீட ஓவியங்கள் எந்தச் சுவரை இழந்து வந்தன என்று கேட்கத் தோன்றும். கேட்கட்டும். பிராதோவில் படம் எடுக்கக் கூடாது, குறிப்பேடும் பென்சிலும் போதும். மூடும் முன் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்றாலும் வரிசை நீளம். பிக்காசோவின் கெர்னிக்கா இருக்கும் ரெய்னா சோபியா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

நாட்களைக் குறிக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பல அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. சின்ன ஆலயங்கள் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை பூட்டியிருக்கும். ஞாயிறு காலையும் புனித வாரமும் வழிபாட்டுக்கு உரியவை. பவனிகளைப் பார்க்க வேண்டுமானால் புனித வாரத்தில் போகலாம், கட்டடங்களைப் படிக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் கோர்தோபாவில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அக்டோபர் நல்லது.

விசாவைப் பொறுத்தவரை, 90 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் தள்ளிவிடாதீர்கள். கல்விக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவருக்கும், உடன் செல்லும் ஆசிரியருக்கும் விசாக் கட்டணத்திலிருந்து ஷெங்கன் விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. முகவர்களின் சேவைக் கட்டணம் இதில் சேராது. கல்லூரி தரும் கடிதத்தில் பாடப்பிரிவு, படிக்கப்போகும் கட்டடங்கள், பொறுப்பாசிரியர் பெயர் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே "சுற்றுலா" என்று எழுதிக் கொடுத்தால் அந்த விலக்கைக் கேட்க வழியில்லை.

இப்படிக்கு,
கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள்,
திருச்சிராப்பள்ளி