சின்னக் கட்டிக்கு ஏன் கத்தி வைக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கல்லீரல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாறி மாறிப் படித்தோம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையில் கட்டியை அகற்றிவிடலாம் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அண்ணி பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ நமக்கு மட்டும் ஏன் தம்பி பண்ணலை?" என்று கேட்டார். ஒன்றரை வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி ஒருவழியாக அடங்கியிருந்த கேள்வி, உங்கள் புண்ணியத்தில் திரும்ப வந்துவிட்டது.

என் அண்ணனுக்கு இருந்தது 2.4 சென்டிமீட்டர் கட்டி, ஒன்றே ஒன்று. புதுச்சேரியில் அவர் சேர்ந்திருந்த அதே வார்டில், தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் விடும் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவருக்கு 7 சென்டிமீட்டர். கடைசியில் அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள், அண்ணனுக்கு முடியாது என்றார்கள். நாங்கள் என்னவெல்லாம் நினைத்திருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு யாரோ சிபாரிசு, நமக்கு ஆள் இல்லை என்றுகூட அண்ணி அழுதார்.

விஷயம் கட்டியில் இல்லை, கட்டி போக மிச்சமிருக்கும் கல்லீரலில் இருக்கிறது. இதை எங்களுக்குப் புரியவைத்த இளம் டாக்டர் ஓபி சீட்டின் பின்பக்கத்திலேயே படம் போட்டார். கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கலாமாம், ஒவ்வொன்றுக்கும் தனி ரத்தக்குழாய், தனிப் பித்தக்குழாய், அதனால்தான் ஒரு துண்டை எடுத்தாலும் மற்றது பிழைக்கிறது. நல்ல கல்லீரல் என்றால் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் வைத்தாலே போதும், சில மாதங்களில் வளர்ந்துகொள்ளும். சுருங்கிப்போன கல்லீரலுக்கு, அதாவது சிரோசிஸ் வந்துவிட்டால், குறைந்தது 40 சதவீதமாவது விட்டுவைக்க வேண்டும், அப்படி விட்டாலும் வளரும் என்று நிச்சயமில்லை.

மீன்காரருக்கு மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி, ஆனால் கல்லீரல் சுருங்கவில்லை. அந்தக் கிருமி சிரோசிஸ் வராமலே புற்றுநோயைக் கொண்டுவருமாம், அதுவே பயமான சேதிதான். கட்டி வலப்பக்கம், வலப்பக்கம்தான் கல்லீரலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அதை முழுசாக எடுத்தால் இடப்பக்கம் தாங்குமா என்ற சந்தேகத்தில், முதலில் வலப்பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது) மட்டும் ஊசி வழியே அடைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ரத்தமும் இடப்பக்கமே போனதால் நாலைந்து வாரத்தில் இடப்பக்கம் பருத்தது, அப்புறம்தான் அறுத்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, 7 சென்டிமீட்டர் என்றாலும் ஒற்றைக் கட்டி, ரத்தக்குழாய்க்குள் புகவில்லை, வெளியே பரவவில்லை என்பதால் அதுவும் ஆரம்ப நிலைதானாம்! உங்கள் கட்டுரையில் ஆரம்ப நிலை என்றால் சின்னக் கட்டி என்ற தொனி இருந்தது.

அண்ணன் ஒரு சொட்டு குடித்ததில்லை. (புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் கடலூரில் யாரும் நம்ப மாட்டார்கள், சொந்தக்காரர்களே நம்பவில்லை.) இருபது வருஷ சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு, அதிலிருந்து சிரோசிஸ். மண்ணீரல் வீங்கியிருந்தது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 68 ஆயிரமாகக் குறைந்திருந்தன, எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருந்தன. இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் கட்டி போய்விடும், ஆள் நிற்பாரா என்பதுதான் கேள்வி என்றார் டாக்டர். அப்படியே அறுத்து எடுத்தாலும், ஐந்து வருஷத்துக்குள் பத்தில் ஏழு பேர் வரைக்கும் மிச்சக் கல்லீரலில் திரும்ப வருமாம். மண் அதேதானே, களை மறுபடி முளைக்காமல் என்ன செய்யும்.

மண்ணையே மாற்றுவதுதான் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. ஒரே கட்டியென்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் என்று இத்தாலியில் மிலான் மருத்துவர்கள் 1996-ல் ஒரு வரம்பு போட்டார்கள், அதற்குள் இருந்து கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் நாலில் மூன்று பேர் நாலு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அண்ணன் அந்த வரம்புக்குள்தான் வந்தார். ஆனால் வீட்டிலேயே யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைத் தரலாம் என்றால், அண்ணியின் ரத்த வகை சேரவில்லை, மகளுக்கு அப்போது கைக்குழந்தை. அவள் தருகிறேன் என்றுதான் நின்றாள், அண்ணன் ஒப்பவில்லை. கொடுப்பவருக்கும் அது பெரிய ஆபரேஷன்தானே.

கடைசியில் செய்தது மைக்ரோவேவ் சிகிச்சை. தோல் வழியே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி வெப்பத்தில் கருக்கிவிடுவது. கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருந்ததும், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இல்லாததும் எங்கள் அதிர்ஷ்டம் (ஒட்டியிருந்தால் ஓடும் ரத்தம் சூட்டை ஆற்றிவிடுமாம்). 2 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிக்கு இது அறுவைக்கு ஏறக்குறைய நிகர் என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். "இவ்வளவு சுளுவா முடிஞ்சா அது வைத்தியமா?" என்பது அண்ணியின் அடுத்த சந்தேகம், அதை விடுங்கள்.

எனக்குள்ள ஒரே வருத்தம் வேறு. நாலு வருஷத்துக்கு முன்பே கடலூரில் ஒரு தனியார் இடத்தில் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் சுருக்கம் என்று எழுதியிருந்தது. சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கட்டி தெரிந்ததே பித்தப்பைக் கல் வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோதுதான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் என்று எழுதுகிறீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. அதை அடுத்த ஞாயிறாவது போடுங்கள், கூடவே யாருக்கு அறுப்பது, யாருக்கு மாற்றுவது, யாருக்குச் சுடுவது என்பதையும் ஒரு டாக்டரை வைத்தே எழுதச் சொல்லுங்கள். எங்கள் அண்ணிக்கு நான் சொன்னால் பத்தாது, பேப்பரில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.