17 கேள்விகளை விட்டுவிட்டு வந்தாள்

அம்பாசமுத்திரம்
12.5.2025

அன்புள்ள செல்வி,

நாங்கள் எல்லோரும் நலம். அங்கே அண்ணன், பிள்ளைகள், அத்தையின் மூட்டுவலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விசாரிப்பு. கமலா டீச்சர் போன மாதம் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு நகையைத் திருப்ப வந்திருந்தார்கள். உன்னைத்தான் முதலில் கேட்டார்கள், பக்கத்தில் நிற்கிற என்னை அப்புறம்தான். அந்தப் பழைய கதை இன்னும் மாறவில்லை.

பொங்கலுக்கு நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. அப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டாய், அதையும் எடுக்கவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை நீட்டுக்குப் படிக்கிறது என்றால், யார் போன் வந்தாலும் "எப்படிப் படிக்கிறா?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்குப் பயந்து எந்தப் போனையும் எடுக்காமலே பழகிவிட்டது. நீ அப்படிக் கேட்கிறவள் இல்லை என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அதனால்தான் இப்போதும் போன் செய்யாமல் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

கயல் போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, மே 4, பரீட்சை எழுதிவிட்டாள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, 17 கேள்வி விட்டுட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில். அவள் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "17 நாலு 68 மார்க் போச்சே" என்று மனக்கணக்குப் போட்டு, வீடு வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சந்தோஷம் இந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை, செல்வி. உனக்குப் புரியும். 1996இல் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் நின்றவள் நீதானே.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

போன வருடம் மே 5ஆம் தேதி நீட், மறுநாளே பிளஸ் டூ ரிசல்ட். பிளஸ் டூவில் 600க்கு 561. தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. ஜூன் 4ஆம் தேதி நீட் ரிசல்ட் வந்தது, 498. வேறொரு வருடமாக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருப்போம். போன வருடம்தான் 67 பேருக்கு 720க்கு 720 என்று போட்டு, 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுதேர்வு வைத்து, சுப்ரீம் கோர்ட் வரை போனதே. எல்லோருக்கும் மார்க் ஏறிப்போய் 498 எங்கேயோ கீழே கிடந்தது. கவுன்சிலிங்கில் ஒரு ரவுண்டிலும் பெயர் வரவில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்று நீ அப்போது கேட்டாய். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அது. நாம் படித்த அதே பள்ளியில்தான் கயலும் படித்தாள், அதே மூன்றாவது பெஞ்சில். அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் கணக்கில் வராது. 2020இல் அந்தச் சட்டம் வந்தபோது கைதட்டியவள் நான். அந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டும்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நம் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளும் பீடி சுற்றுகிற வீட்டிலிருந்தும் களை பறிக்கிற வீட்டிலிருந்தும்தானே வருகிறார்கள்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அப்புறம் ரிப்பீட்டர் பேட்ச், மறுபடி நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கான வகுப்பு. ஹாஸ்டலோடு சேர்த்து ஒரு இடத்தில் பணம் கட்டிச் சேர்த்தோம். என் சங்கிலி போனது, அது கிடக்கட்டும். அங்கே ஒவ்வொரு ஞாயிறும் டெஸ்ட். திங்கட்கிழமை காலையில் மார்க் வரிசையைச் சுவரில் ஒட்டி, அந்த வரிசைப்படியே உட்கார வைப்பார்கள். மூன்று மாதத்தில் பிள்ளை ஆறு கிலோ இளைத்துவிட்டாள். தீபாவளிக்கு வந்தவளுக்கு இரவெல்லாம் தூக்கத்தில் பல் கடிக்கிற சத்தம். நான்தான் முடிவெடுத்தேன், இனி அங்கே போக வேண்டாம் என்று. "கட்டின பணம்?" என்றார் அவர். போனால் போகிறது என்றேன். இந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

சரி, கூட்டிக்கொண்டு வந்தாயிற்று, இனி யார் சொல்லிக்கொடுப்பது? உயிரியலுக்கு நான் இருக்கிறேன். பி.எஸ்சி. விலங்கியல் 26 வருடம் கழித்து உதவிக்கு வந்தது. கயல் தமிழ் மீடியம். நீட்டுக்கு வேதம் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகம், அது ஆங்கிலத்தில். பரீட்சையில் தமிழ் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் தருவார்கள், ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தப்பு என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி, சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது உனக்கு நினைவிருக்கும். அதனால் ஒரு நீளநோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் சவ்வூடு பரவல், அந்தப் பக்கம் ஆஸ்மாசிஸ். இந்தப் பக்கம் ஈரிதழ் வால்வு, அந்தப் பக்கம் பைகஸ்பிட் வால்வு. நிலைமத் திருப்புத்திறன், மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. மார்ச்சில் அந்த நோட்டு முடிந்து இன்னொன்று வாங்கினோம். நான் சப்பாத்திக்கு மாவு பிசைவேன், அவள் கேள்வி கேட்கச் சொல்வாள். "பெண் தவளை ஒரு தடவைக்கு எத்தனை முட்டை போடும்?" "2,500லிருந்து 3,000." "அதுக்கு மூளை நரம்பு எத்தனை ஜோடி?" "பத்து. நமக்குப் பன்னிரண்டு." ஏட்டி, நாம் லேபில் தவளையைப் பார்த்து ஓடின ஓட்டம் என்ன!

இயற்பியலில்தான் சிக்கல் வந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து, ஐந்து மணி வரை வீட்டிலேயே முழுத் தேர்வு, விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓ.எம்.ஆர். தாளோடு. திருத்துவது நான். 180 கேள்விக்கு 180 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. போன வருடம் வரை 200 நிமிடம் கொடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் கடைசிப் பிரிவில் 15 கேள்வியில் 10 எழுதினால் போதும் என்று சாய்ஸ் வைத்திருந்தார்கள். இந்த ஜனவரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் நேரம் போதவில்லை. எங்கே போகிறது நேரம் என்று ஒரு ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு கணக்கு. போடுகிறாள், விடை வரவில்லை, அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து, மறுபடி அடி. ஏழு நிமிடம். உதட்டைக் கடித்துக்கொண்டு, காது சிவந்து, அந்தக் கணக்கை விடவே மாட்டேன் என்கிறாள். அந்த ஏழு நிமிடத்தில் உயிரியலில் பத்துக் கேள்வி முடித்திருப்பாள்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, செல்வி. அது நான்தான். 1996 நுழைவுத் தேர்வில் நான் உட்கார்ந்திருந்தது அப்படித்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று உன்னைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300க்குக் கட் ஆஃப் பார்த்த காலம். அந்த ஒரு பக்கத்தை இத்தனை வருடமாக மனசுக்குள் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். நமக்கு யார் விடச் சொல்லிக்கொடுத்தார்கள்? "கேள்வி நம்பரைப் போட்டு எதையாவது எழுதிட்டு வாங்க பிள்ளைகளா, அட்டெண்ட் பண்ணினா மார்க் உண்டு" என்பார் ஜெபமணி சார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அந்தப் பரீட்சைக்கு அது சரியும்கூட. இது வேறு பரீட்சை. சரியென்றால் நாலு, தப்பென்றால் இருக்கிறதில் ஒன்று போகும், விட்டால் ஒன்றுமில்லை.

அன்று இரவு அவளிடம் என் கதையைச் சொன்னேன். முதல் தடவையாக. அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த வாரம் நீயே பக்கத்துல உக்காந்து விடு விடுன்னு சொல்லும்மா" என்றாள். அப்படித்தான் பழகினோம். முதல் சுற்றில் உயிரியல் 45 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 60. மிச்சம் 25 நிமிடம் திரும்பிப் போய்ப் பார்க்க. ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் நான் மேஜையில் விரலால் தட்டுவேன், அவள் நம்பரில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். முதல் மாதம் நான் தட்டினால் அழுதாள். மார்ச்சில் தட்டுவதற்கு முன்பே கோடு விழுந்தது. ஏப்ரலில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மூக்குத்தி பெரும் பாடு. கம்மல், மூக்குத்தி, கிளிப் எதுவும் கூடாது. திருகு இறுகிப்போய், தேங்காய் எண்ணெய் விட்டும் அசையவில்லை. கடைசியில் ஆசாரியிடம் கூட்டிப்போனேன், அவர் இடுக்கியை வைத்து ஒரு நொடியில் எடுத்துவிட்டார். ஓட்டை தூர்ந்துவிடாமல் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகிவிட்டேன். அதையும் காலையில் எடுத்தாயிற்று. அந்த முகத்தை வெறுமையாகப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

தேர்வு அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று திருநெல்வேலிக்குக் காலையிலேயே போய்விட்டோம். ஒரு பிள்ளை முழுக்கைச் சட்டையோடு வந்து நின்றது. பெட்டிக்கடையில் கத்தரிக்கோல் வாங்கி, யாரோ ஒரு அம்மா கை முட்டிக்கு மேலே வெட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா வெட்டின கைத்துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் இயற்பியல் எப்படி இருந்தது என்று பேப்பரில் பார்த்திருப்பாய். வெளியே வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அழுகை. கயல் சொன்னது இதுதான். முதல் சுற்றில் இயற்பியலில் 14தான் போட முடிந்ததாம். கை சில்லிட்டுவிட்டதாம். ஒரு கணக்கில் பாதி தூரம் போய், வந்த விடை நாலு ஆப்ஷனிலும் இல்லை. மறுபடி போடலாம் என்று கை போகிறது. "அப்ப நீ மேஜையில தட்டின சத்தம் கேட்டுச்சும்மா" என்றாள். கோடு இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போனாளாம். கடைசிப் பக்கம் வரை போய், திரும்பி வந்து, இன்னும் சில கேள்விகளைப் பிடித்திருக்கிறாள்.

எவ்வளவு வரும் என்று தெரியாது. கேள்வித்தாளைக் கையோடு கொடுத்துவிடுகிறார்கள். அன்று இரவே இணையத்தில் விடைகள் வந்துவிட்டன. அவள் பார்க்கவில்லை. அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறாள், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிடைக்காவிட்டால் மூன்றாவது வருடம் என்று அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இடத்தை அடமானம் வைக்கிறேன் என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார், தெரியும். கயல் நேற்று இரவு என்னிடம், "சீட் வந்தா போறேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிக்கும் இந்த மார்க்தான், அதுக்கும் போடுறேன். ரெண்டும் வரலைன்னா செல்வி சித்தி மாதிரி அக்ரி படிக்கிறேன், அதுக்குப் பிளஸ் டூ மார்க் போதும். இன்னொரு வருஷம் மட்டும் வேண்டாம்மா" என்றாள். குரல் கலங்கவே இல்லை. நான் அவள் பக்கம். ஆனால் நான் சொன்னால் அவர், "நீ ஹாஸ்டல்லேர்ந்து கூட்டிட்டு வந்தவதானே" என்பார்.

நீ சொன்னால் கேட்பார். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் நீ படித்ததையும், இப்போது பார்க்கிற வேலையையும் அவரிடம் கொஞ்சம் விவரமாகப் பேசு. வேளாண் விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், எந்தக் கல்லூரிகளை முன்னால் போட வேண்டும் என்று கயலிடமும் சொல். மூக்குத்தியைப் பற்றியும் கேள். வேப்பங்குச்சியோடுதான் இன்னும் திரிகிறாள், திருப்பிப் போடு என்றால் நாளைக்கு என்கிறாள்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் அவர் வீட்டில் இருப்பார். கூப்பிடு. இந்தத் தடவை எடுப்பேன்.

உன்,
பார்வதி